இரண்டு சாவிப் பெட்டி: துணைவேந்தருக்கும் ஆட்சிக்குழுவுக்கும் ஒரு திறந்த மடல்

துணைவேந்தர் அவர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும்,

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, நைட் ட்யூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது உங்கள் மின்னஞ்சல் வந்தது. இங்கிலாந்தின் சமய, சமூக வரலாற்று முதுகலைப் படிப்பு அடுத்த கல்வியாண்டிலிருந்து கிடையாது. பழைய கையெழுத்து வாசிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பு கிடையாது. அரிய ஆவணங்கள் பார்க்கும் வாசிப்பறை வாரத்தில் புதன்கிழமை ஒருநாள் பகலில் மட்டும் திறக்கும். ஆவணப் பெட்டிகளில் பெரும்பாலானவை வெளியூர்க் கிடங்குக்குப் போகும். காரணம் இரண்டு சொல்லியிருந்தீர்கள்: சேருகிறவர்கள் குறைவு, வேண்டியதெல்லாம் இப்போது இணையத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். உங்கள் கருத்தைக் கவனத்தில் எடுத்துக்கொண்டோம் என்று இரண்டு முறையும் ஒரே வரி வந்தது. அதனால் மூன்றாவது கடிதத்தை என் மொழியில், எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். உங்களிடம் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்கள்தான் கட்டணம் கட்டுகிறார்கள், அவர்களும் படிக்கட்டும். ஆங்கிலப் பிரதியை உங்கள் அலுவலகத்துக்கு நானே அனுப்பிவைக்கிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. இருபது வருடத்துக்கு மேலாக இங்கிலாந்தில் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதில் பாதிக் காலம் பிரசவ வார்டில். வரலாற்றுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அது ஒரு பதிவேட்டில் ஆரம்பித்தது. எங்கள் ஊர்க் கோயிலில் (சி.எஸ்.ஐ. சபைக்காரர்களுக்கு சர்ச்சும் கோயில்தான்) ஒரு பழைய ஞானஸ்நானப் பதிவேடு உண்டு. சிறுமியாக இருந்தபோது பாட்டியின் பெயரைத் தேடுவதற்காக ஐயர் (எங்கள் சபையில் பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) அதைத் திறந்து காட்டினார். பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், குடியிருப்பு, தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று கட்டம் கட்டமாக இருந்தது. தொழில் கட்டத்தில் பக்கம் பக்கமாகப் பனையேறி, பனையேறி, பனையேறி. இங்கே வந்து பல வருடம் கழித்து, உங்கள் வாசிப்பறையில் பொதுமக்களுக்காக ஒரு சனிக்கிழமை கண்காட்சி வைத்திருந்தீர்கள். அங்கே 1813க்குப் பிந்தைய ஒரு ஆங்கிலக் கிராமத்துப் பதிவேடு திறந்து கிடந்தது. ஏறக்குறைய அதே கட்டங்கள். தொழில் என்ற இடத்தில் கூலியாள், கூலியாள், கூலியாள். 1812இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, அதன்பிறகுதான் இந்த அச்சடித்த படிவம் இங்கிலாந்து முழுக்க வந்தது என்று பக்கத்தில் நின்ற ஆசிரியை சொன்னார். கண்ணாடிப் பெட்டி முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அடுத்த வாரமே மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன்.

முதல் வகுப்பில் 1590களில் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்தார்கள். ஒரு வார்த்தை கூட ஓடவில்லை. செக்ரட்டரி எழுத்து என்று சொல்லும் அந்தக் காலத்துக் கையெழுத்தில் சி என்ற ஆங்கில எழுத்து பார்க்க ஆர் மாதிரி இருக்கும், இ திரும்பி நிற்கும், ஹெச்சின் வால் அடுத்த வரிக்குள் இறங்கிவிடும், பி-யின் காலில் குறுக்கே ஒரு கோடு இழுத்தால் அது 'பெர்' என்றோ 'பார்' என்றோ ஆகிவிடும். நம் ஓலைச்சுவடியில் புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும், பழகியவர்தான் வாசிக்க முடியும் என்று சொல்வார்களே, அதே கதைதான். ஆசிரியை பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் முனையைத் தாளில் படாமல் காற்றில் ஓட்டிக் காட்டுவார், இந்த ஆள் எழுதும்போது கையை எங்கே தூக்குகிறார் பாருங்கள் என்பார். மூன்றாவது மாதம் ஒரு உயிலை முழுசாகப் படித்தேன். ஒரு விதவை தன் நல்ல பாவாடையை ஒரு மகளுக்கும் பித்தளைச் சட்டியை இன்னொரு மகளுக்கும் எழுதிவைத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி வார்டில் எல்லோரிடமும் அந்தச் சட்டியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

எழுத்தைக் கூட்டிப் படிப்பதோடு முடியவில்லை. நான் எடுத்துக்கொண்ட சேகரத்தின் (ஆங்கிலத்தில் பாரிஷ் என்பதை எங்கள் பக்கம் சேகரம் என்போம்) பதிவேட்டில் ஒரு ஜோடிக்கு 1641 ஏப்ரலில் கல்யாணம், 1641 பிப்ரவரியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். ஆசிரியை பார்த்துவிட்டு நிதானமாக விளக்கினார். 1752இல் மாற்றும்வரைக்கும் இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. ஆக அந்த 1641 பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வந்த பிப்ரவரி. என்றைக்கோ செத்துப்போன ஒரு பெண்ணின் மேல் தெரியாமல் பழி போட்டிருந்தேன். அந்த வரியை அழித்த பிறகுதான் வீட்டுக்குப் போக மனசு வந்தது. இதைக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், துணைவேந்தர் அவர்களே. பக்கத்தில் உட்கார்ந்து, தப்பைப் பார்த்து, சொல்லித்தர ஒரு ஆள்.

இணையத்தில் எல்லாம் இருக்கிறது என்கிறீர்களே, அதற்கும் நான் கண்டதையே சொல்கிறேன். 16ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகள் சிலவற்றில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'க்ரீச்சர்' என்று எழுதியிருக்கும். சிருஷ்டி, அதாவது கிறிஸ்துவின் சிருஷ்டி என்று பொருள். பிரசவம் சிக்கலாகிப் பிள்ளை பிழைக்காது என்று தோன்றினால், ஆணா பெண்ணா என்று தெரிவதற்கு முன்பே மருத்துவச்சி அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள், ஞானஸ்நானம் இல்லாமல் உயிர் போய்விடக் கூடாதே என்ற பதைப்பில். அப்போது வைக்கிற பெயர் அது. பிரசவ வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்த ஒரு வார்த்தையில் அறை முழுக்கத் தெரியும். அடுப்பு, தண்ணீர்ச் சட்டி, தாயின் முகம், மருத்துவச்சியின் நனைந்த கை. அப்படி ஒரு குழந்தையின் பதிவை மூலத்தில் பார்த்துவிட்டு, பிறகு குடும்ப வரலாறு தேடும் ஒரு இணையதளத்தில் தேடினேன். 'க்ரீச்சர்' என்ற பெயருள்ள பெண் என்று போட்டிருந்தார்கள். படம் இருக்கிறது, தட்டச்சு செய்த பெயரும் இருக்கிறது. அது என்ன என்று தெரிந்த ஆள் நடுவில் இல்லை. இவ்வளவுக்கும் இணையத்தில் ஏறியிருப்பது பெரும்பாலும் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவேடுகள்தான், குடும்ப மரம் வரைகிறவர்கள் காசு கொடுத்துப் பார்ப்பார்கள் என்பதால். கோயில் கணக்குப் புத்தகங்கள், சபை நீதிமன்றத்தில் வேலைக்காரிகளும் மருத்துவச்சிகளும் சொன்ன சாட்சியங்கள், ஏழைகளுக்குப் படியளந்த கணக்குகள், இவற்றில் பெரும்பகுதி இன்னும் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. உங்கள் பெட்டிகளும் அதில் சேர்த்திதான்.

கோயில் கணக்குப் புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு ஊரைச் சொல்கிறேன், வகுப்பில் நாங்கள் ஒரு பருவம் முழுக்கப் படித்த ஊர். டெவன் பகுதியில் மோர்பாத் என்ற சின்ன ஊர், 16ஆம் நூற்றாண்டில் முப்பத்துச் சொச்சம் வீடுகள். 1520இலிருந்து 1574 வரைக்கும் அங்கே ஒரே குருவானவர், கிறிஸ்டோபர் ட்ரிக்கி. எட்டாம் ஹென்றி, எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று நான்கு அரசர் காலம். ஒவ்வொருவரும் தேசத்தின் சமயத்தையே புரட்டிப்போட்டார்கள், அந்த ஆள் அசையாமல் அதே ஊரில் இருந்து கோயில் கணக்கைத் தன் கைப்பட எழுதி ஊர்க்காரர்கள் முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார். கோயிலுக்கு ஆடு உண்டு, ஊர்க்காரர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு வளர்த்துக் கொடுப்பார்கள். வாலிபர்களுக்குத் தனி நிதி, கன்னிப் பெண்களுக்குத் தனி நிதி. ஒருவர் சாகும்போது, சொரூபங்களுக்கு முன்னால் பெரிய பண்டிகை நாட்களில் விளக்கு எரியட்டும் என்று தேனீக்களோடு ஒரு கூட்டைக் கோயிலுக்கு விட்டுப்போகிறார். இதைப் படித்தபோது எனக்குக் கைப்பிடி அரிசிதான் ஞாபகம் வந்தது. உலையில் அரிசி போடும் முன் பாட்டி ஒரு கை அள்ளிக் கோயில் பானையில் போடுவாள், எத்தனை கஷ்டத்திலும் அது தப்பாது. அப்புறம் அந்தக் கணக்கிலேயே விளக்குகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன, ஆடுகள் போகின்றன, சொரூபங்கள் போகின்றன. 1549இல் பழைய லத்தீன் பூசையை எடுத்துவிட்டு ஆங்கில ஜெப புத்தகத்தைத் திணித்தபோது டெவனும் கார்ன்வாலும் கலகம் செய்தன. அந்த வருடக் கணக்கில் ஐந்து வாலிபர்களை செயின்ட் டேவிட்ஸ் டவுன் முகாமுக்கு அனுப்பக் கொடுத்த செலவு வருகிறது. அது எக்ஸிடர் நகருக்கு வெளியே கலகக்காரர்கள் இறங்கியிருந்த இடம். அந்த ஒரு இடப்பெயரைச் சரியாகப் படித்தால்தான், ராஜா சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய மாதிரித் தெரிகிற ஒரு ஊர், ஒருதடவை தன் பிள்ளைகளையே பணயம் வைத்திருக்கிறது என்று புரியும். படிக்கத் தெரியாதவருக்கு அது வரவு செலவு, அவ்வளவுதான்.

ஆள் சேரவில்லை என்ற காரணத்துக்கு வருகிறேன். முதுகலை வகுப்பைப் பகலில் மட்டும் வைத்தீர்கள், இரண்டு வருடமாக விளம்பரமே செய்யவில்லை, மாலை வகுப்பின் கட்டணத்தை ஒரே தடவையில் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினீர்கள். அப்படியும் போன பருவத்தில் எங்கள் அறையில் நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து எடுத்துவந்தோம். ஓய்வு பெற்ற தபால்காரர், பள்ளி ஆசிரியை, பேக்கரி வைத்திருக்கும் பாகிஸ்தான் குடும்பத்துப் பெண், குவாக்கர் என்ற சின்னக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு பெரியவர், நான். இப்படிப்பட்டவர்களை வைத்து என்ன ஆராய்ச்சி என்று நினைப்பீர்களானால் கேம்பிரிட்ஜைப் பாருங்கள். 1964இல் அங்கே மக்கள்தொகை வரலாற்றுக்கென்று ஆரம்பித்த ஆய்வுக் குழுவுக்கு 404 சேகரங்களின் பதிவேடுகளிலிருந்து மாதாமாதம் எத்தனை ஞானஸ்நானம், எத்தனை கல்யாணம், எத்தனை அடக்கம் என்று எண்ணிக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத உள்ளூர் ஆட்கள். அதிலிருந்துதான் 1541 தொடங்கி இங்கிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கே உருவானது. அந்தக் காலத்தில் பெண்கள் சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்துகொண்டார்கள் என்ற பொதுவான நினைப்பு தப்பு, சராசரியாக இருபதுகளின் நடுவில்தான் செய்துகொண்டார்கள் என்று பதிவேடுகளை வைத்துக் காட்டியதும் அந்தக் குழுதான். அந்த உள்ளூர் ஆட்களுக்கு யாரோ எங்கேயோ எழுத்து சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் கூட்டத்தில் ஒருவர், பழைய சமயச் சண்டைகளெல்லாம் இன்றைய மாணவர்களுக்கு எதற்கு என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். 1662இல் திருத்திய ஜெப புத்தகத்தை ஏற்காததால் ஏறத்தாழ 2000 குருமார் வேலை இழந்தார்கள். அவர்கள் வழியில் வந்தவர்களும் கத்தோலிக்கர்களும் யூதர்களும் 1850கள் வரைக்கும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் வாங்க முடியவில்லை. அங்கே கடைசித் தடைகள் பெரும்பாலும் போனது 1871இல். எங்கள் வகுப்பில் ஒரு சி.எஸ்.ஐ.க்காரியும் ஒரு முஸ்லிம் பெண்ணும் ஒரு குவாக்கரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே தாளைப் பார்க்க முடிவது அந்தச் சண்டைகளுக்குப் பிறகு வந்தது. அதைப் பிள்ளைகள் எங்கே தெரிந்துகொள்வார்கள்?

எங்களைப் போன்றவர்கள் இந்த வரலாற்றில் வெளியாட்கள் என்றும் யாரும் நினைக்க வேண்டாம். லண்டனில் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் என்று ஒரு கோயில் இருந்தது, 1878இல் இடித்துவிட்டார்கள். அதன் பதிவேட்டில் 1616 டிசம்பர் 22ஆம் தேதி, வங்காள விரிகுடாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையனுக்கு ஞானஸ்நானம் கொடுத்த பதிவு இருக்கிறது. பீட்டர் என்ற பெயரை முதலாம் ஜேம்ஸ் மன்னரே தேர்ந்துகொடுத்தார். கோயில் போய்விட்டது, அந்தப் பையன் இருக்கிறான், பதிவேடு இருப்பதால்.

இப்போது எனக்கு ரொம்பவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஆறு வருடத்துக்கு முன் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த ஒரு மெதடிஸ்ட் சிற்றாலயத்தை மூடினார்கள். கடைசி ஆராதனைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதன் புத்தகங்களை உங்கள் ஆவணக்காப்பகத்துக்குக் கொடுப்பது என்று முடிவாகி, பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று வகுப்பில் கேட்டார்கள், நானும் போனேன். எட்டுப் பெட்டி. கூட்டக் குறிப்புகள், ஞாயிறு பள்ளி வருகைப் பதிவு, ஆர்கன் வாங்க வசூல் செய்த கணக்கு. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்னச் சீட்டுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அங்கத்தினருக்கும் கொடுக்கும் வகுப்புச் சீட்டு (சபையின் சின்னக் குழுவை அவர்கள் வகுப்பு என்பார்கள்), ஒரு வேத வசனம், ஒரு எழுத்து, கையால் எழுதின பெயர். ரப்பர் பேண்ட் தொட்டதும் பொடியாகிவிட்டது. தொண்ணூறு வயதைத் தாண்டிய ஒரு அம்மா அந்த டப்பாவை மட்டும் தானே மடியில் வைத்துக்கொண்டு காரில் வந்தார், அதில் அவருடைய அம்மாவின் சீட்டு இருந்தது. உங்கள் காப்பகத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதை யாராவது எடுத்துப் படிப்பார்களா? உங்கள் ஊழியர், படிப்பார்கள் அம்மா, இந்த ஊரிலேயே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் நீங்கள் வந்து பார்க்கலாம் என்றார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா இப்போது இல்லை. அந்த எட்டுப் பெட்டியும் வெளியூர்க் கிடங்குப் பட்டியலில் இருக்கிறது, நானே பார்த்தேன்.

ஏட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் அருகிப்போன காலத்தில், வீட்டில் இருந்த சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட கதை எங்கள் ஆட்களுக்குத் தெரியும். கெட்ட எண்ணத்தில் யாரும் விடவில்லை. வாசிக்க ஆள் இல்லை, இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான். உங்கள் மின்னஞ்சலைப் படித்தபோது அதே வார்த்தைகள் மாதிரிதான் எனக்குக் கேட்டது.

1538இல் எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் ஒவ்வொரு சேகரமும் பதிவேடு வைக்க வேண்டும் என்று ஆணை போட்டபோது, இது புது வரிக்கு அடிபோடுகிற வேலை என்று ஜனங்கள் பயந்தார்கள். அந்த ஆணையிலேயே ஒன்று உண்டு: புத்தகத்தை வைக்க ஊர்ச் செலவில் ஒரு பெட்டி வேண்டும், பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி குருவானவரிடம், இன்னொன்று ஊர்க்காரர்கள் சார்பில் கோயில் பொறுப்பாளர்களிடம். ஒருவர் மட்டும் நினைத்தால் திறக்கவும் முடியாது, எடுத்துப்போகவும் முடியாது. இன்றைக்கு இரண்டு சாவியும் உங்கள் கையில் இருக்கிறது. ஒன்றைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

இந்த முடிவை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டம் வரைக்கும் நிறுத்திவையுங்கள், அந்தக் கூட்டத்தில் மாணவர்கள் சார்பில் இரண்டு பேர் பேச இடம் கொடுங்கள். கடந்த ஐந்து வருடத்தில் இந்தப் படிப்புக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டீர்கள், எவ்வளவு செலவானது என்ற கணக்கை வெளியிடுங்கள். மோர்பாத் குருவானவர் வருடாவருடம் செய்ததுதான் அது. முதுகலைப் படிப்பைப் பற்றி நீங்கள் என்ன முடிவெடுத்தாலும், பழைய கையெழுத்து மாலை வகுப்பை வாரத்தில் ஒருநாள் விடாமல் நடத்துங்கள். ஆசிரியையின் சம்பளம்தான் பிரச்சினை என்றால் தொகையைச் சொல்லுங்கள், ஊருக்குள் நாங்கள் வசூல் செய்யத் தயார். வாசிப்பறையை வாரத்தில் இரண்டு நாளாவது திறங்கள், அதில் ஒன்று சனிக்கிழமையாக இருக்கட்டும், ஷிப்டில் வேலை பார்க்கிறவர்களுக்குப் புதன்கிழமைப் பகல் உதவாது. ஆலயங்களும் குடும்பங்களும் கொடுத்த பெட்டிகளை, கொடுத்தவர்களிடமோ அவர்கள் வாரிசுகளிடமோ எழுத்தில் சம்மதம் வாங்காமல் ஊரைவிட்டு நகர்த்தாதீர்கள். அந்த எட்டுப் பெட்டிகளையும் இந்த வாரமே கிடங்குப் பட்டியலிலிருந்து எடுங்கள்.

பதிலை இந்த மாதக் கடைசிக்குள், ஒரே வரியில் இல்லாமல், ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக எழுத்தில் கொடுங்கள். நேரில் பேச வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், காலை எட்டரைக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பகுதிநேர ஆராய்ச்சி மாணவி ஒருத்தி